குழாய் ஒப்பந்ததாரர் வரைபட மேசைக்கு வந்த வழி: அமெரிக்கக் கட்டடத் துறையில் ஒரு மாற்றம்

ஒரு கட்டடத்துக்குள் காற்றும் மின்சாரமும் தண்ணீரும் எந்த வழியாக ஓட வேண்டும், அதை யார் எப்போது முடிவு செய்வது என்ற கேள்வி அமெரிக்காவில் ஏர்கண்டிஷனிங் பரவிய பிறகே கூர்மை பெற்றது. 1928இல் சான் அன்டோனியோ நகரில் எழுந்த மைலம் கட்டடம், முழுவதும் குளிரூட்டப்பட்ட முதல் அடுக்குமாடி அலுவலகமாகக் கருதப்படுகிறது. அடுத்த சில பத்தாண்டுகளில், கான்கிரீட் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே உள்ள இடுக்கில் எல்லாக் குழாய்களும் வந்து நெரிந்தன.

இந்த நெரிசலை வடிவமைப்பின் மையத்துக்கே கொண்டுவந்தவர் கட்டடக் கலைஞர் லூயி கான். 1965இல் முடிந்த சால்க் ஆய்வு நிறுவனத்தில், ஆய்வகத் தளங்களுக்கு மேலே ஏறத்தாழ 9 அடி உயரமுள்ள குழாய்த் தளங்களை அமைத்தார். ஆள் நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம். கீழே ஆய்வு நிற்க வேண்டியதில்லை. அருமையான தீர்வுதான். ஆனால் இடத்தைத் தாராளமாக வாரிக் கொடுத்துப் பெற்ற தீர்வு அது. சாதாரண மருத்துவமனைக்கோ அலுவலகத்துக்கோ அந்த வசதி கட்டுப்படியாகாது. அங்கே தேவைப்பட்டது கூடுதல் இடமல்ல, குழாய் போடுகிறவரின் அறிவு.

அந்த அறிவு வடிவமைப்பு மேசையை எட்டாமல் தடுத்தது பெரும்பாலும் ஒப்பந்த முறைதான். வரைபடம் முழுதாக முடிந்த பின் டெண்டர், குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்பதே நெடுங்கால வழக்கம். நியூயார்க் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1912இல் பிறந்த விக்ஸ் சட்டம், பொதுப்பணிக் கட்டடங்களில் பிளம்பிங், மின்சாரம், வெப்பமூட்டல்-காற்றோட்டம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஒப்பந்தம் போடச் சொன்னது. ஊழலையும் இடைத்தரகையும் தடுப்பதற்கு இதில் நியாயம் உண்டு. ஆனால் மூவரும் சேர்ந்து உட்கார ஒப்பந்தத்தில் எந்தக் காரணமும் இல்லை. 2008இல் நியூயார்க் நகரில் இச்சட்டத்துக்கான தொகை வரம்பு 50,000 டாலரிலிருந்து 30 லட்சமாக உயர்ந்ததே தவிர, சட்டம் நீங்கவில்லை.

டெண்டருக்குப் பின் நடந்த ஒருங்கிணைப்பை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேட்டமும் கோர்மனும் 2000ஆம் ஆண்டையொட்டி விரிவாகப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் தம் குழாய்களை ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து வருவார். விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எங்கே கோடுகள் முட்டுகின்றன என்று பார்ப்பார்கள். பருமனான காற்றுக் குழாய்க்கு முதலிடம். சரிவில் ஓடும் கழிவுநீர்க் குழாயோ வளைந்துகொடுக்காது: அடிக்குக் கால் அங்குலம் சரிவென்றால் 40 அடி ஓட்டத்தில் 10 அங்குலம் இறங்கியாக வேண்டும். வளைத்துத் திருப்பக்கூடிய மின்கம்பிக் குழாய்கள் மிஞ்சிய சந்துகளில் போகும். இந்த முன்னுரிமைகள் எந்தப் பாடநூலையும்விட ஃபோர்மேன்களின் தலையில்தான் இருந்தன. ஆனால் அவர்கள் மேசைக்கு வரும்போது தளத்தின் உயரமும் பீமின் ஆழமும் முடிவாகியிருக்கும். காலம் கடந்த அறிவு அது. செலவை மாற்றும் சக்தி திட்டத்தின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்து போகப்போகத் தேய்கிறது என்று கட்டுமான ஆய்வாளர் பாய்ட் பால்சன் 1976இலேயே எழுதியிருந்தார்.

மாற்றத்தின் முதல் பொறி ஒரு பிளம்பிங், குளிரூட்டல் ஒப்பந்த நிறுவனத்திடமிருந்தே வந்தது என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோவில் வெஸ்ட்புரூக் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும், ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்து லாபத்தையும் நட்டத்தையும் பகிரும் முறையை முயன்று பார்த்தார்கள். அந்நிறுவனத்தின் ஓவன் மேத்யூசும் கட்டுமான ஆய்வாளர் கிரெகரி ஹாவலும் 2005இல் அந்த அனுபவத்தை எழுதி வெளியிட்டார்கள். தனித்தனி ஒப்பந்தத்தில் நல்ல யோசனைகள் முன்கூட்டி வெளிவருவதில்லை என்பது அவர்கள் வைத்த முதன்மைக் குற்றச்சாட்டு.

லாப நட்டத்தைப் பகிரும் அந்த முறையைப் பெரிய அளவில் சோதிக்கும் கட்டாயத்தை கலிபோர்னியாவின் நிலநடுக்கம் உண்டாக்கியது. 1994 நார்த்ரிட்ஜ் அதிர்ச்சிக்குப் பின் வந்த சட்டத்தின்படி, நிலநடுக்கத்தைத் தாங்காத மருத்துவமனைகளைக் கெடுவுக்குள் வலுப்படுத்தவோ மாற்றிக் கட்டவோ வேண்டும். சட்டர் ஹெல்த் அமைப்புக்கு, காஸ்ட்ரோ வேலியில் இருந்த ஈடன் மருத்துவமனையை அப்படி மாற்றிக் கட்ட வேண்டிவந்தது. சுமார் 32 கோடி டாலர் திட்டம். உரிமையாளர், கட்டடக் கலைஞர், பொது ஒப்பந்ததாரர் ஆகியோருடன் குளிரூட்டல், பிளம்பிங், மின்சார ஒப்பந்ததாரர்களுமாக 11 தரப்பினர் ஒரே ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். லாபம் பொதுவில் வைக்கப்பட்டது. ஒருவர் செய்த பிசகு எல்லோருடைய பங்கையும் குறைக்கும். ஆகவே தம் குழாயைச் சற்று நகர்த்தினால் அடுத்தவருக்கு வசதி என்றால் நகர்த்துவது தமக்கும் லாபமாயிற்று. 2012 டிசம்பரில், கெடுவுக்குச் சற்று முன்னால், மருத்துவமனை திறந்தது.

இந்த வெற்றியை முப்பரிமாண மென்பொருளின் கணக்கில் எழுதுவது பொதுவழக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மென்பொருள் மோதலைக் கண்டுபிடித்துக் காட்டும். பழைய ஒப்பந்தத்தில் அந்த மோதல் கூடுதல் பணம் கேட்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். யார் விட்டுக்கொடுப்பது என்பதைத் தீர்த்தது பொதுவில் வைத்த லாபம். ஆனால் சட்டர் பல மருத்துவமனைகளைக் கட்டிக்கொண்டிருந்த அமைப்பு. அடுத்த வேலையும் அவர்களிடம் உண்டு என்ற நம்பிக்கை ஒப்பந்ததாரர்களுக்கு இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு பள்ளியோ நூலகமோ கட்டும் ஊராட்சியின் கையில் அந்தப் பிடி இல்லை.