தண்டுவடத்தின் தனிவழி: பாலூட்டிக் கருவில் நரம்பு மண்டலத் தோற்றம்

ஹான்ஸ் ஸ்பீமானும் ஹில்டே மாங்கோல்டும் 1924இல் வெளியிட்ட நியூட் ஆய்வு, கருத்துளையின் மேலுதட்டுத் திசுவை இன்னொரு கருவில் ஒட்டினால் நரம்புக் குழலோடு கூடிய இரண்டாவது உடலச்சு உருவாகும் என்று காட்டியது. அத்திசு ‘அமைப்பி’ எனப்பட்டது. அது எப்படிச் செயல்படுகிறது என்பதைப் பிந்தைய தவளை ஆய்வுகள் விளக்கின: பி.எம்.பி. என்னும் புரதத்தின் சைகை தடுக்கப்பட்டாலே, கருவின் வெளிப்படலமான புறப்படையின் செல்கள் நரம்பாகின்றன. அமைப்பி சுரக்கும் கார்டினும் நாகினும் அத்தடையைச் செய்கின்றன. பாலூட்டிகளுக்கும் இதையே பொதுவிதியாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மூளையைப் பொறுத்தவரை இவ்விதி ஓரளவு நிற்கும்; தண்டுவடத்தைப் பொறுத்தவரை நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தலைப்பகுதி. ரோசா பெடிங்டன் 1994இல் சுண்டெலிக் கருவின் கணுவை, அதாவது பாலூட்டியின் அமைப்பியை, வேறொரு கருவில் ஒட்டினார். இரண்டாவது நரம்பச்சு வந்தது; முன்மூளை மட்டும் வரவில்லை. முன்மூளைக்கு இன்னொரு திசுவின் துணையும் வேண்டும். கருவின் முன்புறத்தைப் போர்த்தியிருக்கும் வெளி அகப்படைதான் அது. நரம்புத் திசுவுக்கு அது செல்களைத் தருவதில்லை. செர்பரஸ், லெஃப்டி1 ஆகியவற்றைச் சுரந்து நோடல் என்னும் புரதத்தின் சைகையை அடக்குகிறது. இவ்விரண்டும் இல்லாத சுண்டெலிக் கருவில் உடலச்சின் தொடக்கமான முதற்கோடு ஒன்றுக்கு மேல் தோன்றிவிடும். ஆக, இத்திசு கட்டளையிடுவதைவிடக் காவல் காப்பதே அதிகம். சைகை அடங்கினால் நரம்பு என்னும் தவளை விதிக்கு இது முரணன்று.

முரண் உடற்பகுதியில்தான் தொடங்குகிறது. டிபிஎக்ஸ்6 மரபணு இழந்த சுண்டெலிக் கருவைப் பற்றி 1998இல் வெளியான ஆய்வை நினைவுகூர வேண்டும். அக்கருவின் கழுத்துக்குக் கீழே குறுக்குவெட்டு எடுத்துப் பார்த்தால் நடுவில் வழக்கமான நரம்புக் குழல் இருக்கும். அதன் இருபுறமும், முதுகெலும்புக்கும் தசைக்கும் மூலமான உடற்கண்டங்கள் இருக்கவேண்டிய இடத்தில், மேலும் இரு நரம்புக் குழல்கள்! தசையாக வேண்டிய செல்கள் ஒரே ஒரு மரபணு இல்லாததால் நரம்பாகிவிட்டன. 2009இல் தனிச்செல்களின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு இதற்குக் காரணம் காட்டியது. கருவின் வால்முனையில் நரம்பின் அடையாளமான சாக்ஸ்2, நடுப்படையின் அடையாளமான பிராக்கியூரி இரண்டையும் ஒருசேரக் காட்டும் செல்கள் உள்ளன. ஒரே செல்லின் சந்ததி தண்டுவடத்திலும் உடற்கண்டங்களிலும் காணப்படுகிறது. உடல் பின்னோக்கி நீளும்போது தண்டுவடம் இக்கையிருப்பிலிருந்தே வளர்கிறது; சைகை அடங்கிய புறப்படையிலிருந்து அன்று.

வால்முனைச் செல்களும் புறப்படையின் ஒரு பகுதிதானே என்று மறுப்போர் உண்டு. அப்படியானால் அவற்றின் சந்ததி தசையிலும் இருப்பது எப்படி என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. இத்தரவுகள் பெரிதும் சுண்டெலியிலிருந்து வந்தவை என்பது நியாயமான எச்சரிக்கை. சுண்டெலிக் கரு உருளை வடிவம், மனிதக் கரு தட்டையான வட்டு. கால அளவும் வேறு. ஆயினும் மனிதக் குருத்தணுக்களிலிருந்து இத்தகைய இருவழிச் செல்களை ஆய்வகங்கள் வளர்த்தெடுத்துள்ளன.

புறப்படையிலிருந்து தோலும் நரம்பும், நடுப்படையிலிருந்து தசையும் எலும்பும் என்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை தண்டுவடத்தைப் பொறுத்தவரை பிழையானது. கருவியல் பாடநூல்கள் அதைத் திருத்த வேண்டும்.