நான்கு முறை இடிந்த மடம்

பழங்கட்டடத்தைப் புதுப்பித்தல் என்றால், பெயர்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும் விழுந்த கல்லை எடுத்து வைப்பதுமே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கட்டடம் முழுவதும் தரைமட்டமாகிவிட்டால் எதனைப் புதுப்பிப்பது? அதன்பின் எழுவது பழைய கட்டடமா, புதிய கட்டடமா? இவ்வினாவுக்கு இத்தாலி நாட்டு மாண்டே கசினோ மடாலயத்தின் வரலாறு விடை தருகின்றது. அதனையே மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ரோமாபுரிக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில், ஒரு குன்றின் உச்சியில் இம்மடம் அமைந்துள்ளது. கி.பி. 529-ஐ ஒட்டி இதனை நிறுவியவர் பெனடிக்ட் என்னும் துறவி. வழிபாடு, உடலுழைப்பு, நூற்பயிற்சி என நாட்பொழுதைப் பகுத்து அவர் வகுத்த ஒழுங்கு, பிற்காலத்தில் மேற்கு ஐரோப்பிய மடங்கள் பலவற்றுக்கும் சட்டமாயிற்று.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் லொம்பார்டியர் இம்மடத்தை அழித்தனர். துறவிகள் ரோமாபுரியில் அடைக்கலம் புகுந்தனர்; எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் மடம் மறுபடியும் உயிர் பெற்றது. 883-இல் சாரசேனியர் அதனைக் கொளுத்தினர். மீண்டும் எழுந்த மடத்தை 1349-இல் நிலநடுக்கம் வீழ்த்தியது. ஒவ்வொரு முறையும் துறவிகள் அதே குன்றில் அதனைக் கட்டினர். வெட்டினாலும் தளிர்க்கும் மரமே அவர்கள் மடத்தின் சின்னம்.

நான்காம் அழிவு இரண்டாம் உலகப் போரில் நேர்ந்தது. 1943-இன் இறுதியில் போர்முனை நெருங்கி வந்தபோது, ஷ்லேகல், பெக்கர் என்னும் ஜெர்மன் படை அதிகாரிகள் இருவர் மடத்தின் ஏடுகளையும் கலைப்பொருள்களையும் லாரிகளில் ஏற்றி ரோமாபுரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தனர். கி.பி. 960-இல் நடந்த ஒரு நில வழக்கின் பத்திரம் இம்மடத்தின் செல்வங்களுள் ஒன்று. இத்தாலிய மொழியின் மிகப் பழைய வாக்கியம் அதில் உள்ளது.

குன்றைத் தாக்கும் பொறுப்பு நான்காம் இந்தியப் படைப்பிரிவிடம் வந்தது. மடம் பகைவர்க்கு அரணாகும் என்று அஞ்சிய அதன் தளபதி டக்கர், அதனைத் தகர்க்குமாறு வேண்டினார். 1944 பிப்ரவரி 15 அன்று 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. அப்போது உள்ளே இருந்தவர்கள் துறவிகள் சிலரும் அடைக்கலம் புகுந்திருந்த ஊர்மக்களுமே. அம்மக்களில் மிகப் பலர் மாண்டனர். அதன் பின்னரே ஜெர்மானியர் இடிபாடுகளுள் புகுந்து அவற்றை உண்மையான அரணாக்கிக்கொண்டனர். மே 18 அன்றுதான் போலந்து வீரர்கள் குன்றைக் கைப்பற்றினர். அச்சரிவுகளில் வீழ்ந்த இந்திய வீரர் பலரின் கல்லறைகள் கசினோவில் உள்ளன.

போர் ஓய்ந்ததும் திருப்பணி தொடங்கியது. "இருந்த இடத்தில், இருந்தவாறே" என்பதே அதற்குக் கொண்ட கொள்கை. இத்தாலிய அரசு பொருளுதவி செய்தது. பெனடிக்டின் கல்லறை இடிபாடுகளுக்கிடையே எஞ்சியிருந்தது. பதினோராம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் வார்க்கப்பட்ட வெண்கலக் கதவும் செப்பனிடப்பட்டது. 1964 அக்டோபர் 24 அன்று ஆறாம் பால் என்னும் போப்பாண்டவர் புதிய கோயிலைப் புனிதப்படுத்தினார்.

ஆயினும் எல்லாம் மீண்டுவிடவில்லை. லூக்கா ஜோர்தானோ தீட்டிய சுவரோவியங்கள் அடியோடு அழிந்தன. பிற்காலத்தில் பியெத்ரோ அன்னிகோனி கோயிலினுள் தம் கைவண்ணத்தில் புதிய ஓவியங்களைத் தீட்டினார். இழந்தது இழந்ததே. மாண்ட மக்களை மீட்கும் சிற்பியும் எவருமில்லை.

அப்படியானால் இன்று குன்றின் மேல் நிற்பது எந்த மடம்? கல்லைக் கொண்டு நோக்கின் பெரும்பாலும் புதியது, வடிவம் பழையது, உள்ளே நிகழும் வாழ்வோ பெனடிக்டின் காலந்தொட்டு வருவது. நான்கு அழிவுகளுக்குப் பின்னும் இது பழைய மடமே என்று நாம் கொள்வதற்குக் காரணம், துறவிகள் ஒழுங்கைக் கைவிடாமையும், ஏடுகள் உரிய காலத்தில் காக்கப்பட்டமையுமே என்பது என் கருத்து.

மாணவர்களே, அவ்வேடுகள் லாரியேறியது குண்டு விழுவதற்குச் சில மாதங்கள் முன்பு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பழங்கட்டடத்தைக் காக்கும் பணி அது விழுந்த பின்னர்த் தொடங்குவதன்று. அது நிமிர்ந்து நிற்கும்போதே அதன் அளவையும் எழுத்தையும் வரலாற்றையும் பதிந்து வைப்பதே திருப்பணியின் முதற்கல்.