வீரியம் குறைந்த கொய்னா முதல் 'கோல்ட்ரிஃப்' வரை: மருந்தைச் சோதிக்கும் சட்டம் வந்தது எப்படி?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே குழந்தை இருமினால், பெற்றோர் முதலில் ஓடுவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். ஆனால் 2025 அக்டோபருக்குப் பிறகு, "இந்த சிரப் எந்த கம்பெனி?" என்று கேட்டு வாங்குவது பலருக்கும் அவசியமாகிவிட்டது.

காரணம், அதே மாவட்டத்தில் உள்ள சுங்குவார்சத்திரம். அங்கே செயல்பட்ட ஸ்ரேசன் பார்மா தயாரித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு அரசின் ஆய்வில், அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு வெறும் 0.1 சதவீதம்.

மருந்து சரியானதா என்று பார்க்கும் வேலையை அரசு எப்போது கையில் எடுத்தது? அதற்கு முன்னாடி என்ன நிலைமை?

சட்டம் இருந்தது, ஆனால்…

1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலேயே மருந்துக் கலப்படம் குற்றம்தான். பிரிவுகள் 274, 275, 276 இதற்கென்றே இருந்தன. 6 மாத சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் அந்தச் சட்டத்தை வைத்துப் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்க வேண்டும் என்று நாடு முழுக்கச் செல்லும் அரசு அளவுகோல் கிடையாது. கடைக்குப் போய் மாதிரி எடுக்க அதிகாரியும் கிடையாது, சோதிக்க ஆய்வகமும் கிடையாது. தெரிந்தேதான் கலந்தார், தெரிந்தேதான் விற்றார் என்று நிரூபிக்கவும் வேண்டும். "எனக்குத் தெரியாதுங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே நின்றுவிடும்.

கொய்னா தந்த பாடம்

அப்போது மலேரியாவுக்கு இருந்த முக்கிய மருந்து கொய்னா. நீலகிரியில் சின்கோனா மரம் வளர்த்து, நடுவட்டத்தில் அரசே கொய்னா தயாரித்தது. தேவை அதிகம், விலையும் அதிகம். அதனால் அளவைக் குறைத்து விற்பவர்களுக்கு நல்ல லாபம்.

வீரியம் குறைந்த மருந்தில் ஓர் ஆபத்து உண்டு. விஷம் மாதிரி உடனே ஆளைக் காட்டிக் கொடுக்காது. காய்ச்சல் கொஞ்சம் தணியும், கிருமி உடம்பிலேயே இருக்கும், மறுபடி காய்ச்சல் வரும். நோயாளி தன் உடம்பைத்தான் குறை சொல்வார், மருந்தைச் சந்தேகிக்க மாட்டார்.

சோப்ரா குழு

வீரியம் குறைந்த மருந்துகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1927-ல் டெல்லி மாநிலங்கள் அவையில் தீர்மானம் வந்தது. 1930 ஆகஸ்டில் ஆர்.என்.சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தரமற்ற, வீரியம் குறைந்த மருந்துகள் எந்த அளவுக்கு இறக்குமதியாகின்றன, தயாராகின்றன, விற்கப்படுகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. மருந்துக்கென்று தனிச் சட்டமும் ஆய்வகங்களும் வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

பரிந்துரை சட்டமாக சுமார் 9 ஆண்டுகள் ஆயின. மாகாணங்களின் சட்டசபைகள் ஒப்புதல் தந்த பிறகு, 1940 ஏப்ரலில் மருந்துகள் சட்டம் நிறைவேறியது. விதிகள் 1945-ல் வந்தன. நடைமுறைக்கு வந்தது 1947-ல்தான்.

லேபிளை மட்டும் பிடித்தால் போதுமா?

இதற்கிடையே 1937-ல் அமெரிக்காவில் 'எலிக்ஸிர் சல்ஃபனிலமைடு' என்ற மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் இருந்ததும் அதே டைஎத்திலீன் கிளைக்கால்தான். ஆனால் அன்றைய சட்டப்படி, விற்பனைக்கு முன் மருந்து பாதுகாப்பானதா என்று நிரூபிக்கத் தேவையில்லை. அதிகாரிகளுக்குக் கிடைத்த ஒரே பிடி லேபிள். 'எலிக்ஸிர்' என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்று சொல்லித்தான் பாட்டில்களைப் பறிமுதல் செய்ய முடிந்தது. அடுத்த ஆண்டே அங்கு புதுச் சட்டம் வந்தது.

நம் சட்டம் எப்படி வேலை செய்கிறது?

மருந்து ஆய்வாளர் கடையில் விலை கொடுத்துத்தான் மாதிரி எடுப்பார். பொதுவாக அதை நான்காகப் பிரித்து சீல் வைப்பார். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று தயாரிப்பாளருக்கு. பிறகு யாரும் "இது என் சரக்கு இல்லை" என்று மாற்றிப் பேச முடியாது. அறிக்கையை எதிர்ப்பவர் 28 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அப்போது மத்திய ஆய்வகத்தின் முடிவே இறுதி.

லேபிளில் பொய்யான தகவல் இருந்தாலோ, கெட்டுப்போனதை மறைக்க நிறம் பூசினாலோ அது 'தவறான லேபிள்' மருந்து. கலப்பட மருந்தால் உயிர் போனால், 2008 திருத்தத்தின்படி குறைந்தது 10 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை உண்டு.

அப்படியானால் கோல்ட்ரிஃப் எப்படித் தப்பியது?

1860-ல் இருந்த குறை வேறு வடிவில் தொடர்கிறது. சட்டம் கடுமையாக இருக்கிறது, ஆனால் சந்தைக்கு வரும் ஒவ்வொரு பேட்சையும் அரசு சோதிப்பதில்லை. அந்தப் பொறுப்பு முதலில் தயாரிப்பாளருடையது. அவர் மூலப்பொருளைச் சோதிக்காமல் விட்டால், ஆய்வாளர் மாதிரி எடுக்கும் வரை யாருக்கும் தெரியாது. சிந்த்வாரா தகவல் வந்த பிறகு தமிழ்நாட்டில் மாதிரி எடுத்து முடிவு சொல்ல ஓரிரு நாட்களே ஆயின. அந்தச் சோதனை முன்பே நடந்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

* பில் கேட்டு வாங்குங்கள். பேட்ச் எண், காலாவதி தேதி, தயாரிப்பு உரிம எண் லேபிளில் இருக்கிறதா பாருங்கள்.
* சந்தேகம் வந்தால் மீதி மருந்தைக் கொட்டிவிடாதீர்கள். பாட்டிலோடு வைத்திருந்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.
* பலருக்கும் தெரியாத ஒன்று: சட்டத்தின் 26-வது பிரிவின்படி, கட்டணம் செலுத்தி, தான் வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெற யாருக்கும் உரிமை உண்டு.
* குழந்தைகளுக்கு டாக்டரிடம் கேட்காமல் இருமல் சிரப் தர வேண்டாம்.