வாழைப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் புகைவண்டி

நிலக்கரி என்றதும் நம் நினைவுக்கு வருவது நெய்வேலி. அங்கே பூமி திறந்து கிடக்கிறது. இராட்சத இயந்திரங்கள் வெட்டவெளியில் பழுப்பு நிலக்கரியைச் சுரண்டி எடுக்கின்றன. மலையின் வயிற்றுக்குள் மனிதன் குனிந்து நுழைந்து கரி வெட்டிய கதை வேறு வகையானது. அதைக் காண நாங்கள் சென்றது சீனத்தின் சிச்சுவான் மாகாணத்துக்கு. லெஷான் நகரை அடுத்த சியென்வெய் வட்டத்தில் சியாயாங் என்னும் பழைய சுரங்கமும், அதற்கென இடப்பட்ட குறுகிய இருப்புப்பாதையும் இருக்கின்றன. லெஷானுக்கு வருவோரில் பெரும்பாலோர் அங்கே மலையில் குடைந்த மாபெரும் புத்தரைத் தரிசிக்க வருபவர்கள். புகைவண்டிக்காக வருகிறவர்கள் தனிச் சாதி.

புகைவண்டி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறோம். நம்மூரில் புகை போய்ப் பல காலம் ஆகியும் சொல் மட்டும் தங்கிவிட்டது. சியாயாங்கிலோ அது அட்சரசுத்தமாகப் பொருந்துகிறது. பயணம் முடிந்து முகத்தைத் துடைத்தால் கைக்குட்டையில் கரி.

சுரங்கத்தின் வரலாறு ஓர் இடப்பெயர்வில் தொடங்குகிறது. வடக்கே ஹெனான் மாகாணத்துச் சியாவ்ஸுவோவில், பிரித்தானிய, சீன மூலதனங்கள் சேர்ந்து நடத்திய சோங்ஃபூ என்னும் நிலக்கரி நிறுவனம் இருந்தது. 1937இல் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கியபோது அதன் பொறுப்பில் இருந்தவர் சுன் யுவேச்சி. பின்னாளில் சீனப் பெட்ரோலியத் தொழிலின் முன்னோடியாகவும் பெயர் பெற்று, 1995 வரை வாழ்ந்த பொறியாளர். இயந்திரங்கள் பகைவன் கையில் சிக்கக்கூடாதென்று அவற்றைக் கழற்றித் தெற்கே ஹான்கோவுக்கு அனுப்பினார். அங்கிருந்து யாங்சே ஆற்றை எதிர்த்து மேற்கே ஏற்றிச் சென்றவை லூ சுவோஃபூவின் மின்ஷெங் நிறுவனக் கப்பல்கள். ஹான்கோவ் 1938 அக்டோபரில் வீழ்ந்தது. அதே ஆண்டில் சிச்சுவானின் மலைமடிப்பு ஒன்றில் சியாயாங் சுரங்கம் உருவாயிற்று. தேசிய அரசின் தலைநகரம் நான்கிங்கிலிருந்து சோங்கிங்குக்குப் பெயர்ந்திருந்தது. தலைநகரம் ஓடிவந்தால் அடுப்புக்கரியும் கூடவே ஓடிவர வேண்டுமல்லவா? அப்பகுதியின் உப்புக் கிணறுகளுக்கும் கரி தேவைப்பட்டது, உவர்நீரைக் காய்ச்சுவதற்கு. கடற்கரை பகைவர் வசம் இருக்கையில் உள்நாட்டு உப்பின் அருமை சொல்லத் தேவையில்லை.

சுரங்கத்தை ஒட்டி எழுந்த குடியிருப்பு பாகோவ். முழுப்பெயர் பாஜியாவ்கோவ், வாழைப் பள்ளத்தாக்கு என்று பொருள். ஆங்கிலேய பாணி வீடுகளும், 1949க்குப் பின் எழுந்த சோவியத் பாணிக் கட்டடங்களும் ஒரே சரிவில் படிப்படியாக நிற்கின்றன. கலாச்சாரப் புரட்சிக் கால முழக்கங்கள் சுவர்களில் வெளிறிக் கிடக்கின்றன. அரை நூற்றாண்டு அரசியலை நான்கு தெருக்களில் படித்துவிடலாம்.

தொடக்கத்தில் வெட்டிய கரி சிற்றாறுகளில் சிறு படகுகளில் போயிற்று. ரயில் வந்தது 1959 ஜூலையில். ஷிஷி முதல் ஹுவாங்சுன் சுரங்கவாய் வரை 19.84 கிலோமீட்டர், தண்டவாளங்களுக்கு இடையே 762 மில்லிமீட்டர். நம் நீலகிரி ரயிலின் பாதை ஒரு மீட்டர் அகலம் என்பதோடு ஒப்பிட்டால் இதன் ஒடுக்கம் விளங்கும். ஆறு குகைகள். எஞ்சின்கள் சோவியத் வடிவமைப்பிலிருந்து பிறந்த சி2 வகை. பயணிகள் ஏறும் ஒரு நிலையத்தின் பெயர் யுவேசின், அதாவது பாய்ச்சல். பாதை இடப்பட்டது 'மாபெரும் பாய்ச்சல்' இயக்கத்தின் உச்சத்தில். அந்த இயக்கத்தைத் தொடர்ந்த பஞ்சத்தில் சீனமெங்கும் கோடிக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மிகக் கடுமையாக அடிபட்ட மாகாணங்களுள் சிச்சுவானும் ஒன்று. மேடையில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வோர் எத்தனை பேர் அப்பெயரை அப்படிப் படிப்பார்களோ, அறியோம்.

விளம்பரங்கள் இந்த ரயிலைத் தொழிற்புரட்சியின் வாழும் புதைபடிவம் என்கின்றன. சொல்லழகு இருக்கிறது, வரலாறு இல்லை. ஸ்புட்னிக் விண்ணேகி ஏறக்குறைய இரண்டாண்டு கழிந்த பின் ஓடத் தொடங்கிய ரயில் இது. இதைப் பழமையாக்கியது காலம் அன்று, வறுமை. ஹுவாங்சுன் குழியில் கரி தீர்ந்து 1980களின் இறுதியில் வேலை நின்றது. கரி இல்லாத கரிரயிலை நிறுத்திவிடுவதுதான் கணக்கு. ஆனால் பாகோவுக்கும் வழியிலுள்ள சிற்றூர்களுக்கும் நெடுங்காலம் வேறு சாலை கிடையாது. பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் சந்தைக்குப் போகும் பன்றிகளும் இதில்தான் சென்றார்கள். சாலை போடாத அலட்சியமே ரயிலைக் காத்தது எனலாம். பின்னர் நீராவி எஞ்சின் அபிமானிகள் உலகெங்கிலுமிருந்து வரத் தொடங்கினார்கள். 2006இல் லெஷான் நகராட்சி இதைத் தொழில்துறைப் பாரம்பரியமாக அறிவித்தது. 2010இல் தேசியச் சுரங்கப் பூங்கா என்னும் தகுதியும் கிடைத்தது.

நாங்கள் சென்றது மார்ச் மாதம். மிஃபெங்யான் நிலையத்தில் மலை வழிவிட மறுக்கிறது. ஆகவே எஞ்சினைக் கழற்றி மறுகோடியில் மாட்டுகிறார்கள். வண்டி தலைவால் மாறி ஏறுகிறது. அடுத்து சாய்ஸிபா. இங்கே பாதை குதிரைலாடம்போல் வளைகிறது. சரிவெங்கும் கடுகினத்துப் பூக்களின் மஞ்சள். சுற்றுலா வண்டி பயணிகளை இறக்கிவிட்டுப் பின்வாங்கி, படம்பிடிப்பதற்காகவே நிறைய நீராவியைக் கக்கியபடி மறுபடி வருகிறது. அழகுதான், மறுப்பதற்கில்லை. சுற்றுலாப் பெட்டிகளுக்கு அகன்ற ஜன்னல்கள், உள்ளூர் மக்களின் பெட்டிகளுக்குக் கண்ணாடியில்லாத சிறு திறப்புகள், கட்டணமும் வெவ்வேறு.

ஹுவாங்சுன் சுரங்கத்துக்குள் தலைக்கவசமும் விளக்கும் அணிவித்து அனுப்புகிறார்கள். சில நூறு அடி நடந்ததும் குளிர் மாறி ஈரப்புழுக்கம் சூழ்கிறது. மரத்தூண்கள் தாங்கும் கூரை தோளைத் தொடும் அளவுக்குத் தாழ்கிறது. ஓரிடத்தில் வாயு வெடிப்பை ஒலியாலும் ஒளியாலும் நடித்துக் காட்டினார்கள். எங்களுக்கு அது உவப்பாயில்லை. வாயு வெடித்து மாண்ட சுரங்கத் தொழிலாளர்கள் உலகின் எல்லாக் கரிவயல்களிலும் உண்டு. அச்சத்தை ஒரு நிமிட வேடிக்கையாக்குவதைவிட, விளக்கை எல்லாம் அணைத்து ஒரு நிமிடம் சும்மா நிற்க வைத்திருக்கலாம். அதைவிட எங்களைத் தடுத்து நிறுத்தியவை கரிமடிப்பின் குறுகலான வெட்டுவாய்கள். மனிதன் நிமிர்ந்து நிற்க இயலாத உயரம். படுத்தோ முழந்தாளிட்டோதான் வெட்டியிருக்க வேண்டும்.

திரும்பும்போது உள்ளூர்ப் பெட்டியில் ஏறினோம். எதிரே இருந்த பெரியவர் முதுகுக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் குகை வருமுன்னே தூங்கிப்போனார். கரித்தூள் திறப்பு வழியே உள்ளே வந்து கூடையிலிருந்த கீரையின்மேல் படிந்தது. பாய்ச்சல் நிலையத்தில் வண்டி நின்றதும் யாரும் எழுப்பாமலே விழித்து, கீரையை ஒருமுறை உதறிவிட்டு இறங்கிப் போனார்.