மாணவர் இடைநிற்றலை முன்கூட்டியே உணர்த்தும் மென்பொருள்: கல்லூரிகளில் செயல்படுவது எப்படி?

கல்லூரியில் சேர்ந்த மாணவர் பட்டம் பெறாமலேயே விலகிவிடக்கூடும் என்பதற்கான அறிகுறிகளைக் கண்டறிந்து, பேராசிரியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் உரிய நேரத்தில் தெரிவிக்கும் கணினி ஏற்பாடு ‘மாணவர் வெற்றித் தளம்’ என்று அழைக்கப்படுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பத்தாண்டுகளுக்கும் மேலாக இது பயன்பாட்டில் உள்ளது. சேர்க்கை, வருகைப்பதிவு, தேர்வு, கட்டணம் என அனைத்தும் கணினிமயமாகிவரும் இந்தியக் கல்லூரிகளுக்கும் இது தொலைவான செய்தி அன்று.

இத்தகைய தளம் புதிய தகவல் எதையும் உருவாக்குவதில்லை. சிதறிக் கிடக்கும் விவரங்களை ஓரிடத்தில் சேர்ப்பதே அதன் முதல் பணி. வருகைப்பதிவேடு துறை அலுவலகத்தில் இருக்கும். மதிப்பெண்கள் தேர்வுப் பிரிவில் இருக்கும். கட்டண நிலுவை கணக்குப் பிரிவுக்கு மட்டுமே தெரியும். விடுதி விவரம் காப்பாளரிடம் இருக்கும். மாணவர் ஒருவர் இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை என்பதும், அவருடைய கல்வி உதவித்தொகை வந்து சேரவில்லை என்பதும் வெவ்வேறு மேசைகளில் இருக்கும்வரை, அவை ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள் என்பது எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

அடுத்த கட்டம் கணிப்பு. முந்தைய ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள், இடையில் நின்றவர்கள் ஆகியோரின் பதிவுகளை ஒப்பிட்டு, எந்தத் தடுமாற்றம் எதில் முடிந்தது என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. தற்போதைய மாணவரிடம் அதே தடம் தென்பட்டால் மஞ்சள், சிவப்பு என நிறம் காட்டி எச்சரிக்கிறது. எச்சரிக்கையைப் பெறும் ஆலோசகர் மாணவரை அழைத்துப் பேச வேண்டும். பேசியதன் விளைவைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பெரும்பாலான கல்லூரிகள் தடுமாறுகின்றன.

அட்லாண்டாவில் நடந்தது என்ன?

இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகமான இதில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களும் பெருமளவில் பயில்கின்றனர். 2003-ஆம் ஆண்டு நிலவரப்படி, நான்கு ஆண்டுப் படிப்பை ஆறு ஆண்டுகளுக்குள்ளாவது முடித்தவர்கள் 32 சதவீதத்தினர் மட்டுமே. ஏறத்தாழ மூவரில் இருவர் அங்கு பட்டம் பெறவில்லை.

அந்தப் பல்கலைக்கழகம் பத்து ஆண்டுக் கால மாணவர் பதிவுகளை ஆராய்ந்தது. சுமார் 1.4 லட்சம் மாணவர்கள் பெற்ற ஏறத்தாழ 25 லட்சம் பாட மதிப்பீடுகள் அதில் அடங்கும். அதிலிருந்து 800-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைக் குறிகள் தொகுக்கப்பட்டன. 2012-இல் ‘இஏபி’ என்ற நிறுவனத்தின் மென்பொருள் துணையுடன் ஆலோசனைத் தளம் செயல்பாட்டுக்கு வந்தது.

ஆய்வில் கிடைத்த சில விவரங்கள் பேராசிரியர்களையே வியக்க வைப்பவை. அரசியல் அறிவியல் மாணவர் ஒருவர் தமது முதல் முதன்மைப் பாடத்தில் ‘ஏ’ அல்லது ‘பி’ தரம் பெற்றால், அவர் பட்டம் பெறும் வாய்ப்பு நான்கில் மூன்று பங்கு. ‘சி’ பெற்றால் அது நான்கில் ஒரு பங்காகச் சரிகிறது. ‘சி’ என்பது தேர்ச்சிதான். அரியர் இல்லை, எவரும் கவலைப்படுவதும் இல்லை. மாணவர் அடுத்த, கடினமான பாடத்துக்குச் சென்றுவிடுவார், அங்கே விழுவார். அதேபோல, செவிலியர் படிப்பில் சேர விரும்புவோர் எதிர்காலத்தில் எப்படிப் படிப்பார்கள் என்பதை அவர்களின் தொடக்கநிலைக் கணிதத் தரம் முன்கூட்டியே காட்டியது. தோல்வியடைந்தவரைக் கண்டுபிடிக்க மென்பொருள் தேவையில்லை. தேர்ச்சி பெற்றவர்களுக்குள் தடுமாறுபவரைக் காட்டியதே இதன் உண்மையான பயன்.

ஆனால், செய்திகளில் மென்பொருளுக்குக் கிடைத்த இடம் அதனுடன் எடுக்கப்பட்ட மற்றொரு முடிவுக்குக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் அப்போது 42 கூடுதல் ஆலோசகர்களை நியமித்தது. அதற்கு முன்பு 700-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஒருவர் என்றிருந்த ஆலோசகர் விகிதம், 300 பேருக்கு ஒருவர் என்றானது. திட்டச் செலவில் பெரும்பகுதி சென்றது மென்பொருளுக்கு அன்று, இந்த ஊழியர்களின் ஊதியத்துக்கு.

சிறு தொகை, பெரிய விளைவு

தரவுகள் மற்றொன்றையும் வெளிப்படுத்தின. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கட்டணம் முழுமையாகச் செலுத்தாத காரணத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு வந்தன. அவர்களில் சிலருடைய நிலுவை வெறும் 300 டாலர். நன்றாகப் படித்து, பட்டத்தை நெருங்கியிருந்தவர்களும் இப்பட்டியலில் இருந்தனர். 2011-இல் தொடங்கப்பட்ட சிறு நிதியுதவித் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள மாணவர் விண்ணப்பிக்காமலேயே அவருடைய கணக்கில் நிலுவைத் தொகை வரவு வைக்கப்பட்டது. ஒருவருக்கு வழங்கப்பட்ட தொகை சராசரியாக 900 டாலர் அளவிலேயே இருந்தது. மாணவரைப் படி ஏறி இறங்க வைக்காமல், அலுவலகமே அவரைத் தேடிச் சென்றது என்பது கவனிக்கத்தக்கது.

2016-ஆம் ஆண்டு கோடையில், சேர்க்கை பெற்றும் வகுப்பு தொடங்கும் முன்பே காணாமல் போகும் புதிய மாணவர்களுக்காகக் கைபேசிக் குறுஞ்செய்தி வழியே பதில் தரும் உரையாடல் மென்பொருள் அறிமுகமானது. உதவித்தொகைப் படிவம், தடுப்பூசிச் சான்று, கட்டணத் தேதி என அந்த ஒரு கோடையில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு அது விடையளித்தது. இவ்வகை இழப்பு சுமார் 22 சதவீதம் குறைந்ததாகப் பல்கலைக்கழகம் தெரிவித்தது.

ஆறு ஆண்டுப் பட்டம் பெறும் விகிதம் கடந்த பத்தாண்டின் நடுப்பகுதியில் 54 சதவீதத்தை எட்டியது. கறுப்பின மாணவர்கள், குறைந்த வருமானக் குடும்பத்தினர், முதல் தலைமுறையினர் ஆகியோர் பிறருக்கு நிகராகப் பட்டம் பெறத் தொடங்கினர்.

மற்ற இடங்களில் ஏன் அதே பலன் இல்லை?

இதே முறையை 11 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சோதிக்க, சுமார் 10 ஆயிரம் மாணவர்களைக் கொண்ட பெரிய ஆய்வு 2016-இல் தொடங்கப்பட்டது. குலுக்கல் முறையில் தேர்வான ஒரு பிரிவினருக்குத் தரவு சார்ந்த கூடுதல் ஆலோசனையும், மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனையும் வழங்கப்பட்டன. அனைத்துப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பாட வழிகாட்டுதல், நிதியுதவி, ஆலோசகர் பயிற்சி ஆகியவை ஆண்டுக்கணக்கில் வேரூன்றிய இடத்தில் பலித்த முறை, பிற இடங்களில் அதே அளவுக்குப் பலிக்கவில்லை.

விற்பனைக் கூற்றுகளை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும் என்பதற்கு இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம் சான்று. அங்கு உருவான நிறக்குறி எச்சரிக்கை மென்பொருள், மாணவர் தொடர்ந்து படிக்கும் விகிதத்தை 21 சதவீதம் உயர்த்தியதாகப் பரவலாகப் பேசப்பட்டது. இந்த மென்பொருள் உள்ள பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் அதிகமாக நிலைத்திருந்தனர் என்பதே அதன் அடிப்படை. 2013-இல் விமர்சகர்கள் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினர்: நீண்ட காலம் கல்லூரியில் இருப்பவருக்குத்தானே அதிகப் பாடங்களை எடுக்கும் வாய்ப்பு? விடுதியில் மூன்று ஆண்டும் தங்கியவர் இடையில் போனவரைவிட அதிக இட்லி சாப்பிட்டிருப்பார்; இட்லிதான் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது என்று எவரும் கூறமாட்டார்.

இதைவிடக் கசப்பான நிகழ்வு மேரிலாந்து மாநிலத்தின் மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. விலகக்கூடிய புதிய மாணவர்களைக் கணக்கெடுப்பு மூலம் அடையாளம் கண்டு, கல்வி அமைச்சகத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்பும் தேதிக்கு முன்பே அவர்களில் 20 முதல் 25 பேரை வெளியேறச் செய்தால் தக்கவைப்பு விகிதம் உயர்ந்துவிடும் என்று அதன் தலைவர் திட்டமிட்டதை மாணவர் பத்திரிகை 2016 ஜனவரியில் அம்பலப்படுத்தியது. கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து அடுத்த மாதம் அவர் பதவி விலகினார். கைகொடுக்கத் தொகுத்த பட்டியலே கழித்துக்கட்டவும் பயன்படும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

கணிப்பின் உள்ளே மறைந்திருக்கும் பாகுபாடும் பேசுபொருளானது. சில பெரிய பல்கலைக்கழகங்களில் பயன்படுத்தப்பட்ட மென்பொருள், மாணவரின் இனத்தையே இடைநிற்றல் அபாயத்துக்கான முக்கியக் காரணியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதை ‘தி மார்க்அப்’ செய்தி நிறுவனம் 2021-இல் வெளியிட்டது. வெள்ளையின மாணவர்களைவிடச் சில இடங்களில் நான்கு மடங்கு வரை அதிகமாகக் கறுப்பின மாணவர்கள் ‘உயர் அபாயம்’ என்று குறிக்கப்பட்டிருந்தனர். அக்குறியைத் திரையில் பார்க்கும் ஆலோசகர், கடினமான பாடத்தை எடுக்க வேண்டாம் என்று அறிவுரை கூறிவிட்டால், கணிப்பு தானாகவே மெய்யாகிவிடும்.

இந்தியாவுக்கு இதில் என்ன?

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களில் 4.33 கோடிப் பேர் பயின்றனர். சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது ஆண்டுதோறும் பெருமையுடன் வெளியிடப்படுகிறது. நின்றவர்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது. 2023 டிசம்பரில் மத்திய அரசு மக்களவையில் அளித்த விவரப்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து மட்டும் பட்டியலினம், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த 13,626 மாணவர்கள் விலகியுள்ளனர். மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருப்பதால் அவர்கள் வேறு படிப்புக்கோ நிறுவனத்துக்கோ மாறுகின்றனர் என்பது அரசின் விளக்கம். எத்தனை பேர் மாறினர், எத்தனை பேர் வீடு திரும்பினர் என்பதை இந்த எண்ணிக்கை மட்டும் சொல்லாது.

அட்லாண்டாவின் 300 டாலர் கதைக்கு இங்கும் இணை உண்டு. 2024-இல் ஐஐடி தன்பாத்தில் இடம் கிடைத்த உத்தரப் பிரதேசத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், 17,500 ரூபாய் கட்டணத்தைக் கெடு முடிவதற்குள் செலுத்த இயலாமல் இடத்தை இழந்தார். சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்த அந்த வழக்கில், செப்டம்பர் 30-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. அவர் நீதிமன்றப் படியேறியதால் செய்தியானார். கட்டண நிலுவையைக் கணினி காட்டும்போதே தொலைபேசியை எடுக்க ஒருவர் இருந்தால், இத்தகைய வழக்குகளில் சில தேவைப்படாமலேயே போகலாம்.

தொழில்நுட்ப அடித்தளம் இங்கு இல்லாமல் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட ‘சமர்த்’ தளம் சேர்க்கை முதல் தேர்வு வரையிலான பணிகளை ஒருங்கிணைக்கிறது. 2021-இல் தொடங்கப்பட்ட கல்வி மதிப்பெண் வங்கி, மாணவர் பெறும் பாட மதிப்பெண்களைச் சேமித்து வைக்கிறது. ஆனால் இவை நிர்வாகத்தின் கணக்கேடுகள்; மாணவரைத் தேடிச் செல்பவை அல்ல. வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதத்தைத் தரமதிப்பீட்டுக் குழுவான நாக் கேட்கிறது. ஆசிரியப் பணியிடங்கள் காலியாக உள்ள கல்லூரியில் அந்த விகிதம் காகிதத்தில் சரியாக இருந்தாலும் நடைமுறையில் பொருளற்றுப் போகும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் பலமுறை வெளியேறும் வசதி இங்கு ஒரு கூடுதல் சிக்கல். ஓராண்டில் சான்றிதழ், இரண்டாண்டில் பட்டயம் என்று பெற்றுச் செல்பவர் தாமாக விரும்பிச் சென்றவரா, பணமின்றிச் சென்றவரா என்பதை மென்பொருள் பிரித்தறியாது. அதைக் கேட்டுப் பதிவு செய்ய ஆள் தேவை.

தரவுப் பாதுகாப்பும் தள்ளிப்போடத்தக்கதன்று. மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பதினெட்டு வயது நிறைவடையாதவரைக் குழந்தையாகவே கருதுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் முதலாண்டு மாணவர் பலருக்கு வயது 17. சாதி, குடும்ப வருமானம், விடுதிக்கு வந்துபோன நேரம் ஆகியவற்றை ஒரே திரையில் யார் பார்க்கலாம், மாணவர் வெளியேறிய பிறகு அவை எப்போது அழிக்கப்படும், தமக்கு இடப்பட்ட நிறம் எது என்று மாணவர் கேட்டால் பதில் கிடைக்குமா என்பவற்றை, மென்பொருள் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கல்லூரிகள் எழுத்துப்பூர்வமாக முடிவு செய்ய வேண்டியிருக்கும்.