தேனிலவுக்குத் துணை

இப்போதெல்லாம் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, தேனிலவுக்கு எங்கே போவது என்ற பேச்சும் தொடங்கிவிடுகிறது. மாலத்தீவு, பாலி என்று பெயர்கள் அடிபடுகின்றன. போவது இருவர் மட்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. மூன்றாவது ஆள் கூடப் போனால் ஊரே சிரிக்கும்.

ஆனால் இந்த வழக்கம் அவ்வளவு பழையதல்ல. எங்கள் நெல்லைப் பக்கம் கல்யாணம் ஆனதும் மறுவீடு, பிறகு சொந்தக்காரர் வீடுகளில் விருந்து, குலதெய்வம் கோயில், திருச்செந்தூர் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு கூட்டம் பின்னால் வரும். குறைந்தபட்சம் ஒரு நாத்தனாரோ மச்சினனோ துணைக்கு உண்டு. தேனிலவு என்றால் என்னவென்று எங்கள் தலைமுறையில் பலருக்குச் சொல்லிக்கொடுத்தது 1961-ல் வந்த ஸ்ரீதரின் 'தேன் நிலவு' படம்தான். காஷ்மீரில் எடுத்தது. அதில்கூட, இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட தங்கவேலு, புது மனைவி சரோஜாவுடன் கல்யாண வயது மகளையும் அல்லவா கூட்டிக்கொண்டு போவார்!

வெள்ளைக்காரர்களிடம் மட்டும் ஆதியிலிருந்தே இருவர் பயணமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வசதியான குடும்பங்களில் இதற்கு 'பிரைடல் டூர்' என்று பெயர். கல்யாணத்துக்கு வர முடியாத உறவினர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து வருவது அதில் முக்கியம். நண்பர்களோ உறவினரோ உடன் போவதும் உண்டு. நம் விருந்துச் சுற்றேதான்.

டாஃபடில்ஸ் பூக்களைப் பாடிய வேர்ட்ஸ்வொர்த்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1802 அக்டோபர் 4-ஆம் தேதி, யார்க்‌ஷயரில் பிராம்ப்டன் என்ற ஊரில் அவருக்கும் மேரி ஹட்சின்சனுக்கும் கல்யாணம். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்த தங்கை டாரதி, முந்தின இரவு அந்தக் கல்யாண மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக்கொண்டு தூங்கினார். மறுநாள் தேவாலயத்துக்குப் போக மனம் தாங்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். காலை உணவு முடிந்ததும் மூவரும் ஒரே குதிரை வண்டியில் கிளம்பி, 6-ஆம் தேதி மாலை கிராஸ்மியரில் உள்ள தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். டாரதியின் நாட்குறிப்பில் இதெல்லாம் இருக்கிறது.

மேரிக்கு டாரதி சிறுவயதுத் தோழி. அதனால் அந்த வண்டியில் அவர் வேற்றாளாக இருக்கவில்லை. கடைசிவரை அண்ணன் வீட்டிலேயே இருந்த டாரதிக்கு முதுமையில் உடலும் புத்தியும் தளர்ந்தன. 1850-ல் கவிஞர் காலமானார். டாரதி இறந்தது 1855-ல். இடையில் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர், எண்பதைத் தொட்டுவிட்ட மேரிதான்.

இதற்கு நேர்மாறான கதை கவிஞர் ஷெல்லியுடையது. 1814 ஜூலை 28-ஆம் தேதி அவரும் மேரி காட்வினும் வீட்டுக்குத் தெரியாமல் பிரான்சுக்குக் கிளம்பினார்கள். முறைப்படி கல்யாணம் நடந்தது 1816-ல்தான். அந்த முதல் பயணத்திலேயே மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேரும் சேர்ந்துகொண்டார். ஆறு வாரப் பயணம் முடிந்த பிறகும் பல வருடங்கள் அந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தார். மேரிக்கு அது தீராத மனத்தாங்கல்.

துணை வருவதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. வருவது யார் என்பதைப் பொறுத்தது.

எங்கள் பயணம் 1974-ல். எனக்கும் என்னோடு வேலை பார்த்த நண்பருக்கும் ஒரே ஆவணியில் கல்யாணம். இரண்டு ஜோடியாகக் கொடைக்கானல் போனோம். டாக்ஸிச் செலவு பாதியாகும் என்பது எங்கள் கணக்கு. தெரியாத ஊரில் புதுப்பெண்ணுக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்பது என் அம்மாவின் கணக்கு. அம்மாவின் கணக்குதான் சரியாக வந்தது.

கொடை ரோட்டில் இறங்கி அம்பாசடரில் மலையேறினோம். இரண்டாவது வளைவிலேயே என் மனைவிக்குக் குமட்டல். கல்யாணமாகி ஒன்பது நாள். என்னிடம் சொல்லக் கூச்சம். பக்கத்தில் இருந்த நண்பரின் மனைவி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். வத்தலக்குண்டில் அவர் வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழம் அப்போது கைகொடுத்தது. மறுநாள் ஏரியைச் சுற்றும்போது இரண்டு பெண்களும் முன்னால் நடந்தார்கள். அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று இவள் அவரிடம் சொல்ல, அவர் தன் கணவரிடம் சொல்ல, நண்பர் என்னிடம் சொல்லி, நான் போய் இன்லண்ட் லெட்டர் வாங்கி வந்தேன். தூண் பாறை பார்க்கப் போன மூன்றாம் நாள்தான் இவள் நேராக என்னிடம், "எனக்கு ஒரு காபி வேணும்" என்று கேட்டாள்.

இருவராகப் போகிற இன்றைய பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே மாதக்கணக்கில் போனில் பேசிப் பழகிவிடுகிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது.

எட்டு வருடங்களுக்கு முன் நண்பர் காலமானார். செய்தி வந்த அன்றே கிளம்பிப் போன என் மனைவி, காரியம் முடிந்தும் ஒரு மாதம் அங்கேயே இருந்துவிட்டு வந்தாள். இப்போதும் இரவு ஒன்பது மணிக்கு "அக்கா, சாப்டாச்சா?" என்று போன் போட்டுவிடுவாள். அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் விளக்கை அணைப்பது.