குட்டை ஆஸ்டர்: ஒரு முறை நட்டா வருஷா வருஷம் பூக்குமா? கவனிக்க வேண்டியது என்ன?

வட அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்தாலே நர்சரிகளில் ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளைப் பூக்களோடு ஆஸ்டர் தொட்டிகள் வரிசை கட்டி நிற்கும். பல வருஷம் வாழும் செடி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனா, அடுத்த வசந்தத்தில் அது துளிர்க்காமல் போவதும் உண்டு. ஏன் இப்படி?

எது குட்டை ஆஸ்டர்?

நியூ இங்கிலாந்து ஆஸ்டர் சாதாரணமாக 3 முதல் 6 அடி வரை வளரும். முட்டுக் கொடுக்கலைன்னா சாய்ந்துவிடும். அதன் குட்டை ரகமான 'பர்ப்பிள் டோம்' சுமார் 18 முதல் 24 அங்குலத்தோடு நின்றுவிடும். 'வுட்ஸ்' வரிசை ரகங்கள் இன்னும் குள்ளம். தொட்டிக்கும் பாத்தி ஓரத்துக்கும் இவை ஏற்றவை.

எப்போ நடணும்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பூத்த செடியை இலையுதிர் காலத்தின் கடைசியில் நட்டால், வேர் பிடிப்பதற்குள் உறைபனி வந்துவிடும். வசந்தத்தில் நடுவதே பாதுகாப்பு. தினமும் குறைந்தது 6 மணி நேர வெயில் வேண்டும். தண்ணி தேங்காத மண்ணாக இருக்கணும். குளிர்கால ஈரத்தில் வேர் அழுகினால் செடி பிழைக்காது. செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விடலாம். உரத்தை அள்ளிப் போட்டால் தழைதான் மண்டும், பூ குறையும்.

குளிரில் காய்ந்தால் செத்துவிட்டதா?

இல்லை. மேல் தண்டு காய்ந்தாலும் வேர் உயிரோடுதான் இருக்கும். அதனால் அவசரப்பட்டுப் பிடுங்கி எறிய வேண்டாம்.

பிரித்து நடுவது ஏன் அவசியம்?

தூர் ஆண்டுதோறும் வெளிப்பக்கமாகப் பரவும். நடுப்பகுதி முற்றி, பூக்காமல் போகும். 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில் துளிர் விடும்போது தூரைத் தோண்டி எடுக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் இளந்துளிர்களை வேரோடு பிரித்து நட்டுவிட்டு, நடுப்பகுதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒரு செடி நாலைந்தாகும். செலவும் மிச்சம்.

இலையில் வெள்ளைப் பொடி?

அது சாம்பல் நோய். காற்றோட்டம் இல்லாமல் நெருக்கி நட்டாலும், வேரில் ஈரம் குறைந்தாலும் தாக்கும். இலை மேல் ஊற்றாமல் வேரடியில் தண்ணி விடணும். நோய் எதிர்ப்பு வேண்டுமென்றால் 'வுட்ஸ்' ரகங்கள் நல்ல தேர்வு.

நுனி கிள்ளணுமா?

குட்டை ரகங்களுக்குக் கட்டாயமில்லை. கிள்ளுவதானால் ஜூன் மாதத்துக்குள் முடித்துவிடணும். பகல் பொழுது குறையக் குறைய மொட்டு வைக்கும் செடி இது. தாமதமாகக் கிள்ளினால் மொட்டும் சேர்ந்து போய்விடும்.

நம்மூரில் கிடைப்பதும் இதுவா?

தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளுக்கு வரும் ஆஸ்டர் பெரும்பாலும் 'சைனா ஆஸ்டர்'. அது வேறு பேரினம். ஒரே பருவத்தில் பூத்து முடிந்துவிடும். அதை எவ்வளவு பராமரித்தாலும் மறு வருஷம் துளிர்க்காது, புதிதாக விதைக்கத்தான் வேண்டும். எனவே வாங்கும் முன் லேபிளைப் பாருங்க. பல ஆண்டு வாழும் அமெரிக்க ஆஸ்டர்களின் அறிவியல் பெயர் 'சிம்ஃபியோட்ரைக்கம்' என்று தொடங்கும். சைனா ஆஸ்டருக்கு 'காலிஸ்டெஃபஸ்' என்று இருக்கும்.